உச்சியில் என் முகம்

கடை வாசலில் நிற்கும் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டுத்தான் மறுவேலை என்று ஒரு திங்கட்கிழமை காலையில் சபதம் செய்தேன். மனைவியிடம் அனுமதி வாங்காமல் நான் செய்த முதல் சபதம். அதனால்தான் அது நிறைவேறவில்லை. நிறைவேறாமல் போனதற்கு இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாருக்குச் சொல்வது, மரத்துக்கா மனைவிக்கா என்பதில்தான் கொஞ்சம் குழப்பம். முழுக்கக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். ஊரில் பாதிப் பேருக்கு பவர் கொடுத்தவன் நான்தான். வீட்டில் எனக்கு பவர் கிடையாது. கடை கீழே, வீடு மேலே. கீழே நான் முதலாளி. மாடிப்படி ஏற ஏற என் பதவி இறங்கிக்கொண்டே வரும். கடைசிப் படியில் கால் வைக்கும்போது எடுபிடி.

மனைவி நகரப் பேருந்து ஓட்டுநர். பகலெல்லாம் பேருந்தை ஓட்டுவாள். மாலையில் வந்து என்னை ஓட்டுவாள். இரண்டிலும் அவள் கெட்டிக்காரி. பேருந்தை ஓட்டும்போது மட்டும் எப்போதாவது பிரேக் போடுவாள்.

இப்போது மரத்துக்கு வருகிறேன். கடைக்குப் பெயர் ‘பார்வை கண்ணாடியகம்’. நல்ல பெயர், நல்ல பெரிய பலகை. ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தால், நடைபாதையில் இருக்கும் அந்தத் தடித்த மரம் முதல் இரண்டு எழுத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை எல்லாம் விழுங்கிவிடும். வெளியே தெரிவது ‘பார்’ மட்டும்.

பொழுது சாய்ந்தால் தாகத்தோடு ஆட்கள் உள்ளே வருவார்கள்.

“சார், ஒண்ணு குடுங்க.”

“கிட்டப்பார்வைக்கா, தூரப்பார்வைக்கா?”

“எது சீக்கிரம் ஏறுமோ அதைக் குடுங்க.”

இப்படி எத்தனை பேரை நான் திருப்பி அனுப்பியிருப்பேன்! ஒருவர் மட்டும் வந்ததற்கு மரியாதையாக ஒரு குளிர்கண்ணாடி வாங்கிக்கொண்டு போனார்.

அந்த மரம் ஒருநாள் பட்டுப்போனது. பூச்சியோ, மின்னலோ, என்னுடைய பார்வையோ தெரியாது. இலை எல்லாம் கொட்டியது. ஒரு காய்ந்த கிளை முறிந்து பக்கத்துத் தையல்கடைக் கூரையில் விழுந்தது. நான் நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். கடைசியில் மேற்பார்வையாளர் ஒருவர் வந்து அடிமரத்தில் சிவப்புச் சாயத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலை மனைவியிடம் வெற்றிச் செய்தியைச் சொன்னேன்.

“அடுத்த வாரம் மரத்தை எடுத்துடுவாங்க.”

“சரிங்க,” என்றாள்.

அவ்வளவுதான். என் மனைவி ஒரே வார்த்தையில் “சரிங்க” என்றால் விவரம் தெரிந்தவர்கள் நாற்காலியை விட்டு எழுந்து ஒதுங்கி நிற்பார்கள். நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.

என் மனைவிக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊரில் எந்த மூலையில் புதுச் சிலை வைத்தாலும், எந்தச் சுவரில் படம் வரைந்தாலும், போய்ப் பார்த்தாக வேண்டும். விரலை நீட்டிக்கொண்டு நிற்கும் தலைவர் சிலைகள் அவளுக்கு ஆகாது. “ஓட்டுநருக்கே வழி காட்டினா எப்படிங்க?” என்பாள். அவளுக்குப் பிடித்தவை வேறு ரகம். ரவுண்டானாவில் பழைய வாளி, கெட்டில் மூடி, கார் கதவு எல்லாவற்றையும் சேர்த்துப் பற்றவைத்த ஒரு திமிங்கலம். தண்ணீர்த் தொட்டியின் உடம்பு முழுக்க வரைந்த, தலைகுளிக்கும் ஒரு பெண். தொட்டிக் குழாயில் இருந்து உண்மையாகவே ஒழுகும் தண்ணீர் சரியாக அவள் கையில் விழும். பூங்காவில் படுத்துத் தூங்கும் மனிதன் மாதிரி செய்த ஒரு பெஞ்சு. அதில் தெரியாமல் உட்கார்ந்துவிட்டு, “மன்னிச்சுக்குங்க” என்று அதனிடமே சொல்லி எழுந்தவன் நான். அதை மனைவி தன் பேருந்துப் பணிமனை முழுக்கச் சொல்லியிருக்கிறாள்.

வண்டியிலும் சும்மா இருக்கமாட்டாள். சிவப்பு விளக்கில் நின்றால் ஒலிபெருக்கியில் குரல் கேட்கும். “இடது பக்கம் பாருங்க. திமிங்கலத்து முதுகுல இன்னைக்கு வெயில் நல்லா விழுந்திருக்கு.” கைப்பேசியில் குனிந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிரும். பார்த்துக்கொண்டே இருந்து இறங்க வேண்டிய இடத்தை விட்டவர்கள்கூட அவளைத் திட்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் துறைமுகப் பூங்காவுக்கு இழுத்துப்போனாள். அங்கே வானத்தைத் தொடுகிற மாதிரி ஒரு மரக் கம்பம். அடியில் கரடி. கரடி தலைமேல் தவளை. தவளை தலைமேல் ஒரு மனிதன். மனிதன் தலைமேல் சிறகு விரித்த பறவை. ‘டோட்டம் கம்பம்’ என்று பலகையில் எழுதியிருந்தது. தூரத்துக் குளிர்க் கடற்கரையில் இருந்து விருந்தாளிகளாக வந்த சிற்பிகள் செதுக்கிக் கொடுத்ததாம். அவர்கள் ஊரில் ஒரு குடும்பம் தன் கதையை இப்படித்தான் மரத்தில் நிற்கவைக்குமாம்.

மனைவி கழுத்து வலிக்க நிமிர்ந்து நின்றாள். நான் பை சுமந்து நின்றேன்.

“போலாமா?” என்றேன்.

“இருங்க. அந்தத் தவளையைப் பாருங்க. மேல ஒரு ஆள் ஏறி உக்காந்திருக்கான். அது முகத்துல கொஞ்சமாவது சலிப்பு இருக்கா?”

“மரத்தவளைக்கு எப்படிம்மா சலிப்பு வரும்?”

“எனக்கு வருதே,” என்றாள்.

எனக்கு அன்று புரியவில்லை.

நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்த அந்த வாரமே மனைவி ஒரு விருந்தாளியோடு வந்தாள். அவர் ஒரு சிற்பி. தினமும் மனைவியின் பேருந்தில், ஓட்டுநருக்கு நேர்பின் இருக்கையில் வருகிறவர். கூந்தலில் எப்போதும் மரத்தூள், தோள்பையில் உளிகள். பயணிகள் வைத்த பெயர் உளி அக்கா. துறைமுகத்துக் கம்பத்தில் அந்த விருந்தாளிச் சிற்பிகளோடு சேர்ந்து வேலை செய்தவர்.

உளி அக்கா என் எதிரி மரத்தைச் சுற்றி வந்தார். விரல்முட்டியால் தட்டினார். காதை வைத்துக் கேட்டார். மருத்துவர் தோற்றார்.

“அது செத்துப்போச்சுங்க,” என்றேன் உதவியாக.

“இலைதான் போச்சு. உடம்பு நல்லா இருக்கு. கிளையை எல்லாம் எடுத்துட்டு நடுமரத்தை மட்டும் நிறுத்தினா ரொம்ப வருஷம் நிக்கும். இதுல இந்தத் தெருவோட முகங்களைச் செதுக்கலாம்.”

“நிக்க வேணாம்,” என்றேன். என் குரலில் இருந்த உறுதி எனக்கே பிடித்திருந்தது.

மனைவி சண்டைக்கு வருவாள் என்று தயாராக நின்றேன். அவளோ, “அவர் சொல்றதும் சரிதான் அக்கா. வெட்டட்டும். நீங்க மேல வந்து டீ குடிச்சுட்டுப் போங்க,” என்றாள்.

நான் ஜெயித்துவிட்டேன்! அந்த மகிழ்ச்சியில் டீயை நானே போட்டேன். வழக்கமாகவும் நான்தான் போடுவேன். அன்று மகிழ்ச்சியோடு போட்டேன். சமையலறையில் வடிகட்டிக்கொண்டிருக்கும்போது கூடத்தில் மனைவி ரகசியம் பேசுவது கேட்டது. சமையலறைவரை கேட்கும்படியான ரகசியம்.

“பாவம் அக்கா, தையல்காரர்தான் ஏமாந்துபோவார். உச்சியில தன் முகம் வரும்னு ரொம்ப ஆசையா இருந்தார்.”

டீ வடிகட்டியைத் தாண்டி என் கையில் வடிந்தது.

தையல்காரர் பக்கத்துக் கடைக்காரர். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் கடைக்கு முன்னால் மரம் கிடையாது. அவர் பலகையில் இருக்கும் கத்தரிக்கோல் படம் மூன்று தெரு தள்ளித் தெரியும். அதை நான் மன்னித்ததே இல்லை.

தட்டோடு கூடத்துக்குப் பாய்ந்தேன். “யாரு முகம்? எந்த உச்சியில?”

“ஒண்ணுமில்லைங்க, விடுங்க. உங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது,” என்றாள் மனைவி.

“பிடிக்காதுன்னு யார் சொன்னா?”

“நீங்கதான். திமிங்கலத்துக்கு முன்னாடி நின்னு, ‘இதுல எத்தனை வாளி இருக்கும்’னு கேட்டீங்க.”

“அது கலை ஆர்வம்! என் கடை வாசல்ல இருக்கற மரத்துல அவர் எப்படி ஏறுவார்?”

“அதான் மரமே இருக்கப்போறதில்லையே.”

“இருந்தா?”

மனைவி உளி அக்காவைப் பார்த்தாள். உளி அக்கா டீயை ஒரு வாய் உறிஞ்சினார். “உச்சிதாங்க முக்கியம். அது சரியா அமையலைன்னா மொத்தக் கம்பமும் வீணாப் போயிடும்,” என்றார்.

“கேட்டீங்களா?” என்றாள் மனைவி. “அவ்வளவு முக்கியமான இடம். போற வர்ற யாரையும் வெச்சுட முடியாது.”

நான் தட்டைக் கீழே வைத்தேன். நெஞ்சை நிமிர்த்தினேன். “இந்தக் குடும்பத்துக்குத் தலைவன் யாரு?”

மனைவி சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்து யோசித்தாள். பிறகு, வெளியாள் முன்னிலையில், தெளிவான குரலில் சொன்னாள். “நீங்கதான்.”

கல்யாணமான நாளில் இருந்து நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. என் கண்ணாடியில் பனி படிந்துவிட்டது. டீ ஆவியாகவும் இருக்கலாம்.

“அப்போ உச்சியில யாரு?”

“கஷ்டம்தாங்க. ஆனா நீங்க இவ்வளவு ஆசைப்படறீங்க. அக்காகிட்ட கெஞ்சிப் பாக்கறேன்.”

கெஞ்சினாள். என் கண் முன்னாலேயே கெஞ்சினாள். உளி அக்கா அரைமனதாகச் சம்மதித்தார். நான் இருவருக்கும் இன்னொரு டீ போட ஓடினேன்.

அடுத்த வாரம் ரம்பத்தோடு நகராட்சி லாரி வந்து நின்றது. மேற்பார்வையாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“சார், நீங்க கேட்டபடியே வந்துட்டோம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

“வெட்டாதீங்க!” என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. “நீங்கதானே சார் வெட்டச் சொல்லி வந்து வந்து கத்தினீங்க? உங்க குரல் கேட்டாலே எங்க ஆபீஸ்ல ஜன்னலைச் சாத்துவோம்.”

“அது பழைய நான்.”

“புது நீங்க என்ன சொல்றீங்க?”

“இது மரம் இல்லைங்க. கலை.”

அவர் மரத்தை மேலும் கீழும் பார்த்தார். இலை இல்லை. ஒரு கிளையில் கிழிந்த பிளாஸ்டிக் பை ஆடிக்கொண்டிருந்தது. “கலையா?”

“வரப்போற கலை.”

“வந்தப்புறம் சொல்லி அனுப்புங்க,” என்று அவர் ரம்பக்காரருக்குக் கை காட்டினார். ரம்பம் உறுமியது. நான் வேறு வழி தெரியாமல் பாய்ந்து மரத்தைக் கட்டிக்கொண்டேன். கைகள் பாதிச் சுற்றுக்கூட எட்டவில்லை. கன்னத்தில் பட்டை உரசியது.

அந்த நேரம் பார்த்து எங்கள் கடை வாசல் நிறுத்தத்துக்கு ஒரு பேருந்து வந்து நின்றது. யார் பேருந்து என்று நான் திரும்பிப் பார்க்கத் தேவையே இல்லாமல் ஒலிபெருக்கி முழங்கியது.

“எல்லாரும் ஜன்னல் வழியா பாருங்க. மரத்தைக் கட்டிப்பிடிச்சுட்டு நிக்கறது என் வீட்டுக்காரர். அதைக் காப்பாத்தறார்.”

பேருந்து கைதட்டியது. பிறகு கதவு திறந்தது. முதலில் ஒரு தாதி இறங்கினார். அடுத்து ரொட்டிக்கடைக்காரர். அப்புறம் பேருந்தே இறங்கியது. என் கைக்கு எட்டாத மீதிச் சுற்றை அவர்கள் கைகோத்து முடித்தார்கள்.

“ஓட்டுநரம்மா, முதல்ல வண்டியை எடுங்க!” என்று கத்தினார் மேற்பார்வையாளர்.

“எடுக்கறேங்க. பயணிகள் ஏறினதும் எடுக்கறேன்,” என்றாள் என் மனைவி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, விதிமுறை தவறாமல்.

பயணிகள் ஏறுவதாக இல்லை. மேற்பார்வையாளர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். “சரி, பொறியாளர் வந்து பாத்து, ஆபத்தில்லைன்னு சொன்னா எனக்கென்ன வந்தது? எனக்கு மட்டும் மரத்து மேல கோபமா?” என்றார்.

பொறியாளர் வந்தார். வேரைப் பார்த்தார். அடிமரம் உறுதி என்றார். காய்ந்த கிளைகளை மட்டும் எடுத்தார்கள். நடுமரத்தை மாடி உயரத்துக்கு நிறுத்திவிட்டு, செதுக்கிக்கொள்ள அனுமதியும் கொடுத்தார்கள். அன்று முழுக்க நான் தெருவின் கதாநாயகன். ரொட்டிக்கடைக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்களை மாதிரி ஆளுங்க வேணும் சார்,” என்றார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சட்டைக்குள் புகுந்த எறும்புகளும் ஒரு காரணம்.

சாரம் கட்டி உளி அக்கா வேலையைத் தொடங்கினார். டொக், டொக் என்று தெருவுக்கே ஒரு நாடித்துடிப்பு வந்துவிட்டது. என் கடைக்குள் மரவாசனை. துறைமுகத்துக் கரடி, தவளை எல்லாம் வருமா என்று கேட்டேன். “அது அவங்க வீட்டுக் கதைங்க. நம்ம கதையில நம்ம முகந்தான் வரணும்,” என்றார். அந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்தது. முக்கியமாக, நம்ம முகம் என்ற பகுதி.

அடியில் என் மனைவி என்று முடிவானது. எனக்குச் சங்கடமாக இருந்தது. பெருந்தன்மையாக ஆறுதல் சொன்னேன்.

“உன்னைக் கீழ போட்டுட்டாங்களேன்னு வருத்தப்படாதே.”

“எனக்கென்னங்க வருத்தம்? அடி எனக்கு, முடி உங்களுக்கு,” என்றாள். சொல்லிவிட்டு ஏனோ முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள்.

ஒரு மாலை உளி அக்காவுக்கு டீ எடுத்துக்கொண்டு மரத்துக்கு அந்தப் பக்கம் போனேன். மனைவி அடிமரத்தில் சாய்ந்து, ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, கண் மூடி உட்கார்ந்திருந்தாள். நான் பேச வாய் திறந்தேன். உளி அக்கா சாரத்தில் இருந்தே உதட்டில் விரல் வைத்தார்.

“தினமும் இப்படித்தான்,” என்றார் அப்புறம், மனைவி மாடிக்குப் போன பிறகு. “மரம் பச்சையா இருந்தப்பவே எங்க வண்டி அக்கா இங்க உக்காந்துட்டுத்தான் வீட்டுக்குள்ள போவாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. கடைக்குள் இருந்து பார்த்தால் மரத்துக்கு அந்தப் பக்கம் தெரியாது. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிடுகிறவனுக்கு வாசல் தெரியவில்லை.

அன்று மாடியில் அவளிடம் கேட்டேன். “அங்க உக்காந்து என்ன பண்ணுவ?”

“ஒண்ணும் பண்ணமாட்டேன். வண்டி நிறைய ஜனங்க. மேல வந்தா நீங்க. நடுவுல கொஞ்ச நேரம் யாரும் எதுவும் கேக்காம இருந்தா நல்லா இருக்கும். மரம் எதுவும் கேக்காதுங்க.”

வெட்டச் சொல்லி நான் அலைந்த நாட்களில் அவள் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நிறுத்தியிருப்பேனா? நிறுத்தாமல், எதிர்த்து ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். அது அவளுக்குத் தெரியும். அடுத்த நாளில் இருந்து அந்த நேரத்துக்கு ஒரு டீயை அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வாயைத் திறக்காமல் திரும்பி வர ஆரம்பித்தேன். மரத்திடம் நான் கற்ற பாடம். முதல் நாள் அவள் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். நம்பவில்லை போலிருக்கிறது.

திறப்பு நாளும் வந்தது. புதுச் சட்டை போட்டுக்கொண்டேன். தெரு நிறையக் கூட்டம். மேற்பார்வையாளர் முன்வரிசையில் நின்று, “நான்தான் வெட்டாம விட்டேன்,” என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பத்தை மூடியிருந்த துணி விலகியது.

அடியில் என் மனைவி. அகலமான தோள். மடியில் ஒரு பெரிய ஸ்டியரிங். பக்கத்தில் கழற்றி வைத்த ஷூ. உலகத்தையே ஏற்றிக்கொண்டு போகிற நிதானம் முகத்தில். அவள் தலைமேல் சுருண்டு தூங்கும் எங்கள் தெருநாய். அதன்மேல் கழுத்தில் நாடாவோடு தையல்காரர். அவர்மேல் அந்த மரப்பொந்தில் குடியிருந்த ஆந்தை. எல்லாருக்கும் மேலே, வெயிலில் மின்னும் செப்புக் கண்ணாடியோடு, நான்.

கூட்டம் “ஆ” என்றது. என் மார்பு விரிந்தது. பிறகுதான் கவனித்தேன். ஒருவர்கூட நிமிரவில்லை. எல்லாரும் என் மனைவியைச் சூழ்ந்துகொண்டார்கள். மரக் கையைத் தொட்டார்கள், கன்னத்தைத் தடவினார்கள், தோளில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். குழந்தைகள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு “பாம், பாம்” என்றார்கள். நான் ஓரமாக நின்று வானத்தைச் சுட்டிக்காட்டினேன்.

“மேல பாருங்க! மேல!”

“மேல என்ன?” என்றார் தாதி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. “ஆந்தையா?”

“ஆந்தைக்கும் மேல.”

“ஆமா, இன்னொரு ஆந்தை.”

“உள்ள வாங்க, கண்ணைச் சோதிச்சுடலாம்,” என்றேன். நிஜமாகவே அவருக்குத் தூரப்பார்வை மங்கியிருந்தது. சோதனைக் கண்ணாடியைப் போட்டு வாசலுக்கு அழைத்து வந்தேன். நிமிர்ந்து பார்த்தார்.

“அட, நீங்களா!” என்றார். சற்று நேரம் பார்த்துவிட்டு, “முன்னாடி தெரிஞ்சதே நல்லா இருந்துச்சு,” என்றார். ஆனாலும் கண்ணாடியை வாங்கிக்கொண்டார்.

அன்றோடு என் கடைக்கு நல்ல காலம் பிறந்தது. உச்சியில் இருப்பது மனிதனா ஆந்தையா என்று தெரியாதவர்கள் எல்லாம் படியேறி உள்ளே வருகிறார்கள். சாலையின் எதிர்ப்புறத்தில் நிற்பவர்களுக்கு அற்புதமான கம்பமும், அதன் பக்கத்தில் ‘பார்’ என்ற ஒரே வார்த்தையும் தெரிகின்றன. “கலைப்படைப்புக்கு அருகில் ஒற்றைச் சொல்லை எழுதி வைத்திருப்பது சிற்பியின் மேதைமை,” என்று ஒரு பத்திரிகையில் எழுதினார்கள். மேதை நான் என்று சொல்ல ஆளில்லை. பரவாயில்லை. வாசலில் நின்று ஜனங்கள் அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கிறது. அவசரமாகப் போகிறவர்களின் முகம் அந்தக் கம்பத்தின் முன்னால் கொஞ்சம் தளர்வதை நான் கண்டிருக்கிறேன். ஒரு மரக்கட்டையால் அது முடிகிறது. அவள் என்னைத் திமிங்கலத்தில் இருந்து தவளைவரை ஏன் இழுத்துக்கொண்டு அலைந்தாள் என்பது இப்போது புரிகிறது.

போன வாரம் தையல்காரர் கடைக்கு வந்தார். கம்பத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“நல்லவேளைங்க, என்னை உச்சியில வெக்கலை. எனக்கு ஸ்டூல்ல ஏறினாலே தலை சுத்தும்.”

“நீங்கதானே ஆசைப்பட்டீங்க?”

“நானா? ஆசையா? உங்க வீட்டம்மாதான் வந்து, ‘உங்க தலைமேல ஒரு ஆந்தை உக்காரும், பரவாயில்லையா’ன்னு கேட்டாங்க. எங்க கடைக்கூரையில கிளை விழுந்ததை விட இது மேல்னு சரின்னுட்டேன்.”

அவர் போன பிறகு நான் நீண்ட நேரம் லென்ஸ் துடைத்தேன். ஆக, தையல்காரர் கேட்கவே இல்லை. வெட்டச் சொன்ன என்னையே கட்டிப்பிடிக்க வைத்திருக்கிறாள். ஒரு சண்டை இல்லை, ஒரு சத்தம் இல்லை. கோபம் வரும் என்று காத்துப் பார்த்தேன். வரவில்லை. அவள் என்னை ஏமாற்றியிருக்காவிட்டால் என்னிடம் இன்று இருப்பது நன்றாகத் தெரியும் ஒரு பலகை மட்டும்தான்.

மாலை டீயோடு மரத்துக்கு அந்தப் பக்கம் போனேன். அன்று இரண்டு டீ. மனைவி தன் மரத்தோளில் தானே சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அனுமதி கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“தையல்காரர் வந்தார். எல்லாம் தெரிஞ்சுபோச்சு,” என்றேன்.

“ஓ,” என்றாள். டீயை ஊதினாள்.

“கோபம் இல்லைம்மா. நன்றிதான் சொல்ல வந்தேன். மரத்தை நிறுத்தினதுக்கு. என் கண்ணைத் திறந்ததுக்கு. எல்லாத்தையும் விட, என்னை மேல வெச்சதுக்கு. அனுமதி கிடைச்சப்புறம் நீ யாரை வேணா அங்க வெச்சிருக்கலாம். ஆனாலும் எனக்குன்னு அந்த இடத்தை விட்டுக்குடுத்தியே, அதை நான் மறக்கவே மாட்டேன்.”

அவள் என்னை இரக்கத்தோடு பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தினாள்.

“என்ன? சொல்லு.”

“வேணாங்க. நீங்க இவ்வளவு சந்தோஷமா இருக்கீங்க.”

“பரவாயில்லை, சொல்லு.”

“வெட்டி நிறுத்தின மரத்துக்கு ஆபத்து உச்சியிலதானாம். மழைத்தண்ணி அங்க நின்னா உள்ள இறங்கி, மொத்தமும் மக்கிப்போயிடுமாம். ஆந்தையை வெக்கலாம்னா இறகுல தேங்கும். தையல்காரருக்குச் சுருட்டை முடி, அதுலயும் தேங்கும். உளி அக்கா ரொம்பக் கவலைப்பட்டாங்க.”

என் தலையைப் பற்றி இதுவரை உங்களிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளும்படி அதன்மேல் எதுவும் இல்லை.

“வழவழன்னு, உருண்டையா, ஒரு சொட்டுத் தண்ணி நிக்காத தலையா ஒண்ணு வேணும்னாங்க,” என்றாள் மனைவி, என் கையை அன்போடு தட்டிக்கொடுத்து. “எங்கேயும் தேட வேணாம் அக்கா, எங்க வீட்டுலயே இருக்குன்னு சொன்னேன்.”